‘தள்ளாதீங்க’ என்ற வீரமலை பாஸ்

செய்தி வந்தபோது நான் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியில், இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவுக்கு வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் கணவர் இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் படுத்திருக்கும் நாள் அது. தன் மாமனாரைக் கூட்டிவந்திருந்த கொஸ்லந்தைப் பக்கத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, தொலைபேசியைப் பார்த்தபடி, “பெரகல வயரிங் பாஸ் போயிட்டாராங்க. விடிய எழுப்பப் போனா எந்திரிக்கவே இல்லையாம்” என்றாள். எந்த பாஸ் என்று கேட்டேன். பெரகலச் சந்தியில் வயரிங் பாஸ் ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே கேட்டேன். “வீரமலை பாஸுங்க” என்றாள். எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவினேன். என் கணவர் இயந்திரத்திலிருந்து கழன்று, ஒரு பிஸ்கற்றும் தேநீரும் உள்ளே போகும்வரை அவரிடம் இதைச் சொல்லவில்லை.

மலைநாட்டில் கைவேலை தெரிந்த எவரும் பாஸ்தான். மேசன் பாஸ், தச்சு பாஸ், பெயின்ட் பாஸ். வீரமலை வாகனங்களின் மின்சார வேலை பார்த்ததால் வயரிங் பாஸ். சந்தியில் தகரக் கூரை போட்ட அவருடைய கடைக்கு ஒரு தடவையாவது நின்றுபோன வண்டியோடு போனவர்களுக்கு நான் அவரை விவரிக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். குள்ளமான மனிதர். வெயிலிலும் கழற்றாத கம்பளித் தொப்பி. கழுத்தில் இரண்டு வயர்களோடு ஒரு சிறு பல்பு தொங்கும், டொக்டர்மாருக்குக் குழாய் தொங்குவதைப்போல. அறுபது வயது ஆகவில்லை.

அவர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு காரால். என் கணவர் தோட்டக் காரியாலயத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காக வந்து, திரும்பிப் போக மனமில்லாமல், அப்புத்தளைக்கும் பெரகலைக்கும் இடையில், ரோட்டுச் சரிவில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர்கள். ஓய்வு எடுத்த மறு வருடமே அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் பதுளைக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு முறை தவறினால் மூச்சு வாங்கும், அடுத்ததும் தவறினால் நெஞ்சுக்குள் நீர் கட்டிவிடும் என்று டொக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். அதிகாலை நாலே முக்காலுக்கு எங்கள் ரோட்டில் பஸ் இல்லை. ஆகவே எங்களுடைய பழைய வெள்ளைக் கார் அந்த நேரத்துக்குப் புறப்பட்டே ஆக வேண்டும். என் கணவரின் உயிர் அந்தச் சாவித் துவாரத்தில் இருந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

அந்தக் கார் சரியாக அப்போதுதான் குணம் மாறியது. பத்து நாள் ஒழுங்காகப் புறப்படும். பதினோராம் நாள் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கு எரியும், ஹோர்ன் அடிக்கும், இயந்திரம் மட்டும் அசையாது. பண்டாரவளையில் ஒரு கராஜில் காட்டினேன். பெட்டரியை மாற்றினார்கள். இன்னொரு கராஜில் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினார்கள். இரண்டு இடத்திலும் கார் நல்ல பிள்ளையாக ஒரே திருப்பில் புறப்பட்டுக் காட்டியது. இரண்டாவது கராஜ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மிஸ் சாவிய சரியாத் திருப்புறதில்ல போல” என்றார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவளுக்குச் சாவி திருப்பத் தெரியாதாம். எனக்கு வந்த கோபத்தில் வீடு வரும்வரை மூன்றாம் கியரை விட்டு மாறவே இல்லை.

இதற்கிடையில் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்கள் மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனங்கள். நம் பக்கத்தில் ஒரு வாகனம் மௌனமாகிவிட்டால் போதும், யாரும் கூப்பிட வேண்டாம். போர்வையைப் போர்த்துக்கொண்டே ஆட்கள் இறங்கி வருவார்கள். இரண்டு கை பின்னால், இரண்டு கை பக்கத்தில், “ம்ம்... போடு!” என்று ஒரு சத்தம், கார் சரிவில் உருளும், இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் இயந்திரம் இருமிக்கொண்டு உயிர் பெறும். கருப்பையா என்று ஒருவர்தான் இந்தத் தள்ளுபடையின் தலைவர். “கெளாக்கர் ஐயா எங்களுக்கு எத்தன பேருக்கு வேலைக்கு பெயர் பதிவு எழுதிக் குடுத்தவரு, தள்ளாம இருப்பமா?” என்பார். இப்படித் தள்ளுவதற்குத் தோதாக நாங்களும் எப்போதும் மூக்கு கீழே பார்க்கிற மாதிரி, இறக்கத்திலேயே காரை நிறுத்தப் பழகிக்கொண்டோம். மலையில் வாகனம் வைத்திருக்கிற எல்லோரும் செய்கிற காரியம்தான்.

கருப்பையாதான் ஒரு நாள் பெரகலைக்குப் போகச் சொன்னார். போனேன். வீரமலை பாஸ் பொனட்டைத் திறக்கவே இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். டிக் சத்தம் ஒன்றா, பலதா? விளக்கு மங்குமா? வைப்பர் போட்டால் ஓடுமா? வண்டி சூடாக இருக்கும்போதா, ஆறியிருக்கும்போதா? “எனக்குத் தெரியாது, அது சும்மா நிண்டிட்டுது” என்றேன் எரிச்சலோடு. “சும்மா எதுவும் நிக்காதுங்க டீச்சர். நமக்குத்தான் இன்னும் தெரியல்ல” என்றார் அவர், கொஞ்சமும் எரிச்சலில்லாமல். பிறகு அவருடைய கடை வாசல் சிமெந்துத் தரையில் நிறுத்திக் காரை இருபது தடவை புறப்படச் செய்தார். இருபது தடவையும் புறப்பட்டது. நான் வெட்கத்தில் சுருங்கினேன். அவர் மட்டும் முகம் மாறாமல், “நா ஒங்கள நம்புறேன். வண்டியத்தான் நம்பல்ல” என்றார். அந்த வசனத்துக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது.

ஒரு கொப்பியில் எழுதிவரச் சொன்னார். ஒவ்வொரு முறை புறப்படாதபோதும் எழுத வேண்டும். ஆசிரியைக்கு இது போதாதா? அழகாகக் கோடு போட்டு, ‘மூன்றாம் திகதி அதிகாலை, கார் மறுபடியும் எமக்குத் துரோகம் இழைத்தது’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். வாய்க்குள் சிரிப்பு. “துரோகம் வேணாம் டீச்சர். மணி, மழ, எடம், சத்தம். இது போதும். வண்டி மேல கோவத்த தனிக் கொப்பியில எழுதுங்க.” அன்றிலிருந்து சுருக்கமாக எழுதினேன். இரண்டு மாதத்தில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கார் நின்ற நாட்களில் முக்கால்வாசி, முந்திய மாலை மழை பெய்த நாட்கள். பாஸ் உற்சாகமானார். எங்கேயோ வயருக்குள் ஈரம் போகிறது என்று தீர்மானித்து, ஒவ்வொரு வயராகக் கழற்றி, துடைத்து, நாடா சுற்றினார். கார் அடுத்த மழைக்கும் நின்றது. இன்னொன்றையும் நான் எழுதியிருந்தேன்: நிற்கிற நாட்களில் அக்சிலேட்டர் மிதி இறுகியிருக்கிறது என்று. “குளிருக்கு ஒங்க காலு வெறச்சிருக்கும்” என்று அதை அவர் ஒதுக்கிவிட்டார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் வைத்துக்கொண்டார்.

அவர் பிடிவாதத்தைப் பற்றி இன்னொரு கதை சொல்ல வேண்டும். சந்தியில் பாட்டுப் போட்டுப் பாண் ரொட்டி விற்கிற வேன் ஒன்று, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். பாஸிடம் கொண்டுபோனால் அணையாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு, பாண் வேனில் ஏறிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். மூன்றாம் நாள் ஒரு லயத்து வாசலில், பாட்டு உச்சத்தில் ஒலிக்க, வேன் அணைந்தது. “இப்பதான் மூஞ்சியக் காட்டுனிச்சு” என்று சிரித்தாராம். பாட்டுப் பெட்டிக்குப் போன வயர்தான் உராய்ந்து குற்றம் செய்துகொண்டிருந்தது. அந்த மூன்று நாளும் பாண் விற்க உதவியதையும் அவர் பெருமையாகச் சொல்வார். மூன்று நாள் ஒரு வேனோடு மல்லுக்கட்டினீர்களா என்று நான் கேலி செய்வேன். “நோய் வர்ற நேரத்துல நாம அங்க நிக்கணும் டீச்சர். அது போன பொறகு போயி என்னத்தப் பாக்குறது?”

எங்கள் விஷயத்தில் அதுதான் நடக்கவில்லை. கார் நின்றதும் நான் தொலைபேசியில் கூப்பிடுவேன். அவர் தன் மச்சானுடைய ஆட்டோவில் விழுந்தடித்து வருவார். வந்து பார்த்தால் இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கும், கருப்பையா கையைத் தட்டித் துடைத்துக்கொண்டிருப்பார். மூன்று தடவை இப்படி. மூன்றாம் தடவை பாஸ் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். “ஒங்க நல்ல மனசுதான்யா இந்த வண்டிக்கு எமன்” என்றார் கருப்பையாவிடம். “தள்ளுனா வண்டி ஓடிருது. நோயும் ஓடிருது. எனக்கு நின்ன வண்டிதான் வேணும். தள்ளாதீங்க. கையெடுத்துக் கும்புடுறேன், தள்ளாதீங்க. ஆஸ்பத்திரி நாளுன்னா மட்டும் தள்ளி விட்டுருங்க. மத்த நாளு தொடவே கூடாது.” கருப்பையா சங்கடத்தோடு தலையாட்டினார். கண் முன்னால் ஒரு வண்டி நிற்க, கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பது அந்த மனிதர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் செய்தி கருப்பையாவிடமிருந்து லயத்துக்குப் போயிற்று. ஒரு வீட்டுக் காம்பராவிலிருந்து அடுத்த வீட்டுக் காம்பராவுக்குப் போகும்போது, ‘ஆஸ்பத்திரி நாள்’ என்ற பகுதி எங்கேயோ விழுந்துவிட்டது. ‘பாஸ் தொடவே கூடாதுன்னுட்டாரு’ என்பது மட்டும் கடைசி வீடுவரை போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் ஓர் ஆஸ்பத்திரி நாள். முந்திய மாலை முழுக்க மழை. அதற்கு முந்திய தடவை சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோனதால் என் கணவருக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, இரவு முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்துதான் மூச்சு விட்டார். நாலே முக்காலுக்கு அவரைத் தூக்காத குறையாகக் காரில் ஏற்றினேன். சாவியைத் திருப்பினேன். டிக். மறுபடி. டிக். லயத்திலிருந்து டோர்ச் வெளிச்சங்கள் இறங்கி வந்தன. ஏழெட்டுப் பேர். வந்தார்கள், காரைச் சுற்றி நின்றார்கள், கையைக் கட்டிக்கொண்டார்கள். “தள்ளுங்கோ!” என்று கத்தினேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “பாஸ் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க டீச்சர்” என்றார் ஒருவர், மிக மரியாதையாக. கருப்பையா அன்று பார்த்து பதுளையில் மகள் வீட்டில் இருந்தார். என் கணவர் உள்ளே மூச்சிழுக்கிற சத்தம் எனக்கு வெளியே கேட்டது. அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை.

நான் ஏற்கனவே பாஸைக் கூப்பிட்டிருந்தேன். கால் மணி நேரத்தில் ஆட்டோ வந்தது. இறங்கியவர் காரைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், நடந்தது இன்னதென்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இனியாவது தள்ளச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஆட்டோவின் பின்னிருக்கைத் திரையை விலக்கினார். “ஐயாவ இதுல ஏத்துங்க. மச்சான் பதுளைக்கே கொண்டுபோயி விடுவான். இந்த வண்டி இப்ப தள்ளுனா ஓடும், ஆனா நடுவழியில அணைஞ்சா என்ன செய்வீங்க? இது இங்கயே கெடக்கட்டும்.” எனக்குக் கண் மண் தெரியவில்லை. “உங்களுக்கு மனிசன்ர உயிரை விடக் காரிட வருத்தத்தைக் கண்டுபிடிக்கிறது பெரிசாப் போச்சு! அவர் செத்தாலும் உங்களுக்குக் கார் நிண்டாச் சரி!” என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். பாஸ் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் கணவரின் தலையில் மாட்டினார். ஆட்டோவின் இரண்டு பக்கத் திரைகளையும் இழுத்துக் கட்டினார். “கொப்பிய மட்டும் குடுத்துட்டுப் போங்க டீச்சர்” என்றார்.

அரை மணி பிந்திப் போய்ச் சேர்ந்தோம். தாதிமார் இயந்திரத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் அவர் முகம் வற்றத் தொடங்கியது. “அந்த மனிசனைப் பேசாதேயும். அவர் செய்தது சரி. ஆட்டோ பஞ்சராகாமல் வந்திருக்குதே, உம்மட கார் வந்திருக்குமோ?” என்றார் என் கணவர், தலையில் இன்னும் அந்தத் தொப்பியோடு. சரியான ஆளிடம் தவறாகக் கத்திவிட்டால் வருகிற எரிச்சலுக்கு மருந்தே கிடையாது.

பின்னேரம் திரும்பி வந்தோம். கார் விட்ட இடத்தில் விட்டபடியே நின்றது. பாஸ் அதன் பக்கத்தில், உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். காலை ஆறு மணிக்கே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம். அதற்குப் பிறகு ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன். “நீங்க கண்ணால பாக்கணும். இல்லாட்டி நா என்னத்த மாத்திக் குடுத்தாலும் நாளைக்கி மறுபடி பயந்துக்கிட்டேதான் சாவியத் திருப்புவீங்க.” ஒரு நாள் முழுக்க அந்த மழைத் தூறலில், என் பயத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்.

சாவியைத் திருப்பச் சொன்னார். டிக். “இன்னொருக்கா. இன்னொருக்கா. இப்ப எறங்கி வந்து இந்தக் கேபிளத் தொடுங்க. பாத்து, சுடும்.” அக்சிலேட்டர் மிதியிலிருந்து இயந்திரத்துக்குப் போகிற கம்பி அது. சுட்டது. பிறகு நான்கு பேரைக் கூப்பிட்டு, காரைக் கொஞ்சம் மேல்நோக்கித் தாங்கிப் பிடிக்கச் சொல்லி, முன்சில்லுக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்து, கியரை விடுவித்தார். “இப்ப திருப்புங்க.” திருப்பினேன். எந்த வயரையும் தொடாமல், எதையும் மாற்றாமல், கார் ஒரே திருப்பில் புறப்பட்டது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். பெட்டரியிலிருந்து போகிற மின்சாரம் திரும்பி வர ஒரு தடித்த எர்த் வயர் இயந்திரத்தையும் காரின் உடம்பையும் இணைக்கிறது. வெளியே ரப்பர் உறை முழுசாக இருந்தது, உள்ளே கம்பிகள் அறுந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. மட்டமான தரையில் பிரச்சினை இல்லை. இறக்கத்தில், கல் வைக்காமல் கியரில் மட்டும் காரை நிறுத்தினால், முழுப் பாரமும் இயந்திரத்தைத் திருகிச் சாய்க்கிறது. வயர் இழுபட்டு உள்ளே பிரிகிறது. விளக்குக்கும் ஹோர்னுக்கும் சின்னச் சின்னப் பாதைகள் போதும், ஸ்டார்ட்டருக்குப் போதாது. ஸ்டார்ட்டர் இழுக்கிற மின்சாரம் அக்சிலேட்டர் கம்பி வழியாகப் போகப் பார்க்கிறது, கம்பி சுட்டு இறுகுகிறது. உருட்டிவிட்டால் இயந்திரம் தன் இடத்துக்கு வந்து வயர் மறுபடி சேர்ந்துகொள்கிறது. கார் நின்றுவிடுமே என்ற பயத்தில் இறக்கத்தில் நிறுத்தினோம். இறக்கத்தில் நிறுத்தியதால் நின்றது. நின்றதால் இன்னும் செங்குத்தான இறக்கமாகத் தேடி நிறுத்தினோம்.

“அப்ப மழை?” என்று கேட்டேன். அவர் கொப்பியை விரித்துப் பிடித்துக்கொண்டார். “மழ மழன்னு எழுதியிருக்கீங்க. நானும் மூனு மாசமா வயரத் தொடச்சுக்கிட்டு இருந்தேன். மழ பேஞ்சா நீங்க எறங்கி சில்லுக்கு கல்லு வைக்க மாட்டீங்க. நேரா வீட்டுக்குள்ள ஓடிருவீங்க. அத நா கேக்கவே இல்ல.” உண்மைதான். கல் வைப்பது என் கணவரின் வேலையாக இருந்தது. அவருக்குக் குனிய முடியாமல் போன பிறகு, மழையில் அதைச் செய்ய ஆளில்லை. பிறகு பாஸ், காலையில் நான் கத்தியபோது நின்ற அதே ஆட்களுக்கு முன்னால் சொன்னார்: “மிதி எறுகுதுன்னு டீச்சர் அன்னைக்கே எழுதியிருந்தாங்க. நாந்தான் அவங்க காலு மேல குத்தஞ் சொன்னேன். அது என் தப்பு.”

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். காலையில் பேசியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வசனம். அவருக்கு அது எவ்வளவு லேசாக வந்தது! எனக்கு வரவில்லை. “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றுதான் வந்தது. இரண்டு கோப்பை குடித்தார். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை வீட்டுக்கு வந்தார், எத்தனையோ தேநீர் கொடுத்தேன். அந்த வசனத்தை மட்டும் கொடுக்கவில்லை.

மறுநாள் புது வயர் போட்டார். ஆனால் திருத்தியாயிற்று என்று சொல்ல மறுத்தார். “நல்லாயிருச்சுன்னு சொல்ல நா யாரு? மழையில, கல்லு வைக்காம, பத்து தடவ நிப்பாட்டிப் பாருங்க. ஆஸ்பத்திரி நாள்ல ஸ்டார்ட் ஆனதும் எனக்கு ஒரு ரிங் விடுங்க. நா எடுக்க மாட்டேன். ரிங் வரல்லேன்னா ஆட்டோ வந்துரும்.” பத்துத் தடவையும் ரிங் விட்டேன். பதினோராவது தடவையும் விட்டேன். நிறுத்துங்கள் என்று அவரும் சொல்லவில்லை, நிறுத்தட்டுமா என்று நானும் கேட்கவில்லை. நான்கு வருடம் இப்படி. ஒரு நாள் என் கணவர் புறப்படும்போது வாந்தி எடுத்ததில் ரிங் விட மறந்துவிட்டேன். தியத்தலாவைக்குக் கிட்டப் போகும்போது பின்னால் ஓர் ஆட்டோ விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. முந்திக்கொண்டு வந்ததும் உள்ளிருந்து பாஸ் எட்டிப் பார்த்தார். நாங்கள் இருவரும் உள்ளே இருப்பதைக் கண்டதும் கையை மட்டும் அசைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

சாவுச் செய்தி வந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பெரகலைக்குப் போனோம். கடைக்குப் பின்னால்தான் வீடு. சந்தி முழுக்க வண்டிகள், லொறி, வேன், ட்ராக்டர். என் கணவர் இரண்டு பேர் தாங்க உள்ளே போய், பாஸின் காலடியில் நின்று, “என்னை அனுப்பிவைக்கிறன் எண்டு நிண்ட மனிசன், முந்திக்கொண்டிட்டீரே” என்றார். டொக்டர்மார் நாள் குறித்த மனிதர் நிற்கிறார், அவரை நேரத்துக்கு நேரம் இயந்திரத்துக்கு அனுப்பிவைத்தவர் கிடக்கிறார். இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பாஸின் மனைவி லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். “ஆஸ்பத்திரி நாளுன்னா நாலு மணிக்கே எந்திரிச்சு ஒக்காந்துருவாரு டீச்சர். இன்னைக்கு எந்திரிக்கல்லியேன்னுதான் எழுப்பப் போனேன். ஒடம்பு ஜில்லுன்னு இருந்துச்சு. நாங்க கத்திக்கிட்டு இருக்கிறப்ப, தலமாட்டுல போன் அடிச்சிச்சு. ஒரே ஒரு ரிங். எல்லாருக்கும் தெரியும் அது யாருன்னு. ‘ஐயா கெளம்பிட்டாருங்க’ன்னு நாந்தான் அவரு காதுல சொன்னேன்.”

அப்படியானால் அன்று நான் விட்ட ரிங் அவருக்குக் கேட்கவில்லை. நான்கு வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்த அந்த ஒரு வசனம் இனி எப்போதும் அவருக்குக் கேட்கப்போவதில்லை. அதை லெட்சுமியிடம் சொன்னேன். கார் நின்ற அந்த மழைநாள் காலையில் அவரை என்னவெல்லாம் பேசினேன், மன்னிப்புக் கேட்கவே இல்லை என்று அழுதழுது சொன்னேன். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அட போங்க டீச்சர். அன்னைக்கு வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. புருசனுக்காக ஒரு பொம்பள அப்பிடிக் கத்தல்லேன்னாத்தான் தப்புன்னாரு. நீங்க ரிங்க மட்டும் நிப்பாட்டிறாதீங்க. போன் என்கிட்டதான் இருக்கும்.”

கருமாதி முடிந்து, அவரைத் தெரிந்தவர்கள் படிக்க இதை எழுதுகிறேன். வீரமலை பாஸிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது என்னவென்று கேட்டால், வயர்களைப் பற்றிச் சொல்லத் தெரியாது. நின்றுபோன ஒன்றைப் பார்த்து ‘சும்மா நிண்டிட்டுது’ என்று இப்போது நான் சொல்வதில்லை. தவறு என்னுடையதானால் அன்றைக்கே, ஆட்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடப் பார்க்கிறேன். சில நாள் வருகிறது, சில நாள் தேத்தண்ணியோடு நின்றுவிடுகிறது. அப்புறம் இந்த ரிங். இன்று ஆஸ்பத்திரி நாள். நாலே முக்காலுக்குச் சாவியைத் திருப்பினேன், கார் புறப்பட்டது, அந்த இலக்கத்துக்கு ஒரு ரிங் விட்டேன். எப்போதும்போல அந்தப் பக்கத்தில் யாரும் எடுக்கவில்லை.